சுவரில் எழுதிய விதி போதுமா?

பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடங்களின் சுவரிலே மாணவர்க்கான பாதுகாப்பு விதிகள் எழுதப்படுவது வழக்கம். ஆசிரியர் இல்லாதபோது உட்புகாதே, எப்பொருளையும் சுவைத்துப் பாராதே, கண்ணாடி அணிந்துகொள், தலைமயிரை முடிந்துகொள் என்பன அவை. இவ்விதிகள் யாவும் நல்லனவே. ஆயினும், இவற்றைக் கைக்கொள்ளுதற்கு வேண்டிய பொருளையும் ஆளையும் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பது எந்தச் சுவரிலும் எழுதப்படுவதில்லை. அவ்வினாவையே இன்று எழுப்ப விரும்புகின்றோம்.

கிராமத்துப் பிள்ளைக்கு ஆய்வுகூடம் எளிதிற் கிடைத்ததன்று. கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. மத்திய கல்லூரிகளும் பரவின. வசதி படைத்தோர்க்கே உரியதாயிருந்த விஞ்ஞானக் கல்வி அதன் பின்னரே உழவர் வீட்டு வாயிலை நெருங்கியது. பின்னர் வந்த போர் அதனையும் சிதைத்தது. இராணுவ முகாமாக்கப்பட்டிருந்த நெல்லியடி மத்திய கல்லூரிக் கட்டடம் 1987 யூலை 5 ஆந் திகதி வெடிமருந்து ஏற்றிய வாகனத் தாக்குதலில் தகர்ந்ததை வடமராட்சி மக்கள் மறந்திலர். இத்தனை இழப்பின் பின் மீண்டும் கிடைத்த கல்விக்கூடங்களிலே ஒரு பிள்ளையின் கண்ணொளி கவனக்குறைவால் அவியுமாயின், அதனை விதியின் செயலென்று கூறி ஆறியிருத்தல் தகாது.

விதிகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. அவற்றின் காரணத்தை அறிதல் வேண்டும். செறிந்த சல்பூரிக்கமிலம் நீரினும் ஏறத்தாழ 1.84 மடங்கு அடர்த்தியானது. அதன்மேல் நீரை ஊற்றினால் நீர் மேலேயே தங்கி, அங்கு தோன்றும் பெருவெப்பத்தாற் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்திலே தெறிக்கும். அமிலத்தைச் சிறிது சிறிதாக நீரினுள் ஊற்றிக் கலக்கவேண்டும் என்னும் விதி இதனாலேயே பிறந்தது. எரியும் மதுசார விளக்கிலே மதுசாரம் வார்த்தால், பகல் வெளிச்சத்திற் கண்ணுக்குப் புலப்படாத சுடர் போத்தலுக்குள்ளும் பாயும். சோடியம் தீப்பற்றினால் நீரூற்றலாகாது. உலர்ந்த மணலே உதவும். உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய இரசத்தைப் பிள்ளைகள் விரலால் உருட்டி விளையாடுவர். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமலும் மணமின்றியும் மூச்சோடு உட்செல்லும் நஞ்சென்பதை அவர்கள் அறியார். காரணம் அறிந்த பிள்ளை ஆசிரியர் பாராதபோதும் விதியைக் காக்கும்.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். கண்ணிலே அமிலமோ காரமோ பட்டால் உடனே ஓடும் நீரிற் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமற் கழுவுக என்பது விதி. மேல்தொட்டியில் நீரில்லையாயின் அப்பிள்ளை எங்கே ஓடுவது? கண்ணாடி அணிக என்பது விதி. நாற்பது பேர் நிற்கும் வகுப்பிலே பத்துக் கண்ணாடிகளே இருந்தால் யாருடைய கண்ணைக் காப்பது, யாருடைய கண்ணைக் கைவிடுவது? ஆசிரியரின் பார்வையிலே பரிசோதனை செய்க என்பது விதி. உதவியாளரின்றி ஓர் ஆசிரியரே போத்தலையும் எடுத்து, பாடத்தையும் நடத்தி, நாற்பது சுடர்களையும் எவ்வாறு கண்காணிப்பார்? விதியை மீறியவன் மாணவனென்று எழுதிவிட்டு, விதியைக் காக்க வழிசெய்யாத நிருவாகம் தப்பித்துக்கொள்ளுதல் நீதியாகாது.

உலகம் இதனை ஒரு கொடிய பாடத்தின் மூலம் கற்றது. 2008 டிசெம்பர் 29 ஆந் திகதி அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே, காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் திரவமொன்றைக் கையாண்ட 23 வயதுச் செஹர்பானு சங்ஜி என்னும் பெண் தீக்காயமுற்று அடுத்த மாதம் இறந்தார். அவர் அப்போது பாதுகாப்பு மேலங்கி அணிந்திருக்கவில்லை. அணியாதது அவர் பிழையென்று கூறி வழக்கை முடித்துவிடவில்லை. பல்கலைக்கழக ஆட்சிக் குழுவின் மீதும், ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் மீதும் 2011 இற் குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. பாதுகாப்பு முறைகளைச் சீர்செய்யப் பல்கலைக்கழகம் உடன்பட்ட பின்னரே அதன் மீதிருந்த குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டன. வேலையை ஏவுவோனே பாதுகாப்புக்கும் பொறுப்பாளி என்பதே அவ்வழக்கு நிலைநாட்டிய நியாயம்.

குடாநாட்டவராகிய எமக்கு வேறொரு கவலையும் உண்டு. எமது குடிநீர் சுண்ணக்கல்லிலே தங்கியுள்ள நிலத்தடி நீரே. மேலே கொட்டுவது கிணற்றிலே வந்து சேரும். சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தமைக்காக, 2019 இல் உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்ததை யாவரும் அறிவர். பாடசாலைக் கழிவு அளவிற் சிறிதேயாயினும், பரிசோதனை முடிந்ததும் மீதியைக் கட்டடத்தின் பின்புறத்தே ஊற்றிவிடும் பழக்கத்தை இளமையிற் பழகிய பிள்ளை நாளை பெரிய தொழிற்சாலையிலும் அதனையே செய்யும்.

ஆய்வுகூடம் பட்டதாரிகளின் விவகாரம், எமக்கென்ன என்று உழவர் பெருமக்கள் ஒதுங்கிவிடலாகாது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அடிக்கும் மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டு மூலையில் வைப்பதும், பெயர் ஒட்டாத போத்தலில் அமிலம் வைப்பதும் ஒரே தவறு. வெறுங்கையால் மருந்து கலக்குவதும், குழாயிலே வாய்வைத்து இரசாயனத்தை உறிஞ்சுவதும் ஒரே துணிச்சல். பாடசாலையில் இவ்விதிகளைக் காரணத்தோடு கற்ற பிள்ளை அவற்றைத் தோட்டத்துக்கும் கொண்டுவரும்; தந்தையின் உயிரையும் காக்கும்.

இவ்விதிகளும், போத்தல்களின் பெயர்களும் எச்சரிக்கைகளும் தமிழிலே இருத்தல் வேண்டும். வைத்தியர் கிறீன் அவர்களின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875 இலேயே தமிழில் வெளிவந்தது. அத்தகைய மண்ணிலே, தமிழ்மொழியிற் பயிலும் பிள்ளை ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசித்து நஞ்சை இனங்காண நேருமாயின் அது எமக்கு இழுக்கு.

ஆகவே மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் வடமராட்சி வலயக் கல்வி அதிகாரிகளிடமும் நாம் கேட்பன சில. ஒவ்வோர் ஆய்வுகூடத்தையும் ஆண்டுக்கொரு முறை நேரிற் சோதித்து அறிக்கையைப் பெற்றோர் முன் வைக்கவேண்டும். மாணவர் தொகைக்கேற்ற கண்ணாடிகள், ஓடும் நீர், மணல் வாளி, தீயணைகருவி, முதலுதவிப் பெட்டி ஆகியன இருப்பதை உறுதிசெய்யவேண்டும். உதவியாளர் இல்லாதவிடத்து நியமிக்கவேண்டும். பழுதான இரசாயனங்களை முறைப்படி அகற்ற வழிகாணவேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் வரவேற்பு வளைவுக்குச் செலவிடும் பணத்திற் சிறு பகுதியை இதற்கு ஒதுக்கினாலும் பல கண்கள் காக்கப்படும்.

விபத்துக்கு அஞ்சி ஆய்வுகூடத்தைப் பூட்டிவைக்குமாறு எவரும் கூறவேண்டாம். தொட்டுப் பாராத விஞ்ஞானம் ஏட்டுச் சுரைக்காயே. பிள்ளைகள் தொடட்டும், அச்சமின்றித் தொடுதற்கு வேண்டியவற்றைச் செய்துகொடுப்பது பெரியோர் கடன். மாணவர்க்குப் பத்து விதிகள் எழுதும் அதே சுவரிலே, அதிபருக்கும் அதிகாரிக்கும் உரிய விதிகளும் எழுதப்படுக.