முகம் ஏன் வீங்கியது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

ஆண்டு மலருக்கு 'அணுவும் ஆக்கப் பணியும்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை தருவதாகத்தான் எங்கள் துறை ஆசிரியையிடம் சொல்லியிருந்தேன். பாதி எழுதியும் விட்டேன். ஆனால் அணுவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் பலர் உண்டு. சென்ற ஆண்டு நான்கு மாதம் காலைதோறும் என் முகம் வீங்கிக் கிடந்ததைப் பற்றி எழுத இந்தக் கல்லூரியில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஒருத்திதானா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. ஆகவேதான் இதை எழுதத் துணிந்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய வாரத்தில் அது தொடங்கியது. காலையில் கண் விழித்தால் இமைகள் பிரியாது. இரண்டும் உப்பிய பணியாரம் போலிருக்கும். கண்ணாடிக்குள்ளிருந்து வேறு யாரோ என்னைப் பார்ப்பார்கள். பத்து மணிக்குள் பாதி வடிந்துவிடும். நண்பகலில் முகம் பழைய முகமே. மாலையிலோ கால்கள் கனக்கும். செருப்பு வார் பதிந்த தடம் இரவு வரை மறையாது. படுத்திருக்கும்போது முகத்தில் தேங்கிய நீர்தான் எழுந்து நடமாடும்போது காலுக்கு இறங்குகிறது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. காலையில் முகத்துக்கு ஒரு நோய், மாலையில் காலுக்கு வேறு நோய் என்றே எண்ணியிருந்தேன்.

"என்னடி, ராத்திரி பூரா அழுதியா?" என்று விடுதித் தோழிகள் கேட்டார்கள். இல்லை என்றால் நம்புவாரில்லை. மூன்றாம் வாரத்தில் எனக்கு ஒரு காதல் கதையையே கட்டிவிட்டார்கள். அதில் வரும் கதாநாயகன் யார் என்று அறிய எனக்கும் ஆவல்தான்!

வீட்டில் அம்மா, "ஈரத் தலையோட படுக்கிறே, நீர் கோத்துக்கிச்சு" என்றார். அப்பத்தா நீர்முள்ளிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பார்லிக் கஞ்சியும் வாழைத்தண்டுச் சாறும் தொடர்ந்தன. அவர்களை நான் ஏளனம் செய்யவில்லை. அன்போடு கொடுத்தார்கள், குடித்தேன். அடுத்து எங்கள் பகுதியில் ஒரு மருத்துவரிடம் சென்றோம். இரண்டே நிமிடத்தில் நீர் பிரியும் மாத்திரை எழுதினார். மூன்று நாள் முகம் பளிச்சென்று இருந்தது. மாத்திரை தீர்ந்ததும் மீண்டும் வீங்கிற்று. பழைய சீட்டையே மருந்துக் கடையில் நீட்டி நானாக மும்முறை வாங்கி விழுங்கினேன். கூரை ஒழுகும்போது கீழே பாத்திரம் வைப்பதைப் போலத்தான் நாங்கள் எல்லோரும் நடந்துகொண்டோம். பாத்திரத்தை மாற்றிக்கொண்டே இருந்தோம். ஓட்டைப் பார்க்க யாரும் கூரைமேல் ஏறவில்லை.

சமாளிக்கக் கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பானைத் தண்ணீரில் எவர்சில்வர் தம்ளரை அமிழ்த்தி வைத்து அதைக் கண்களில் ஒற்றிக்கொள்வேன். போர்வையை மடித்துத் தலையணைக்கு மேல் அடுக்கிப் படுப்பேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் வீக்கம் சீக்கிரம் வடிகிறது என்று கண்டுகொண்டு, விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். விடுதிக் காப்பாளர் என் படிப்பார்வத்தைப் பலர் முன்னிலையில் பாராட்டினார்! உண்மையில் புத்தகத்தின் எழுத்தே எனக்குத் தெரியாது. அப்படியும் வடியாத நாட்களில் முதல் மணி வகுப்புக்குப் போகமாட்டேன். வருகைப் பதிவு குறைந்து, சோம்பேறி என்று பெயரும் வாங்கினேன்.

கோடை விடுமுறையில் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கிருந்த பெண் மருத்துவர் என் கணுக்காலுக்கு மேல், எலும்பின் மீது கட்டை விரலால் சற்று நேரம் அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது, விழுந்தபடியே இருந்தது. "சிறுநீர் நுரைக்குதாம்மா?" என்றார். ஆம், சோப்பு நுரைபோல நுரைத்தது. கழிவறையில் ஊற்றும் மருந்தால் என்று நான் நினைத்திருந்தேன். சோதனைச்சாலையில் ஒரு காகிதப் பட்டையை நனைத்தார்கள்; மஞ்சள் பட்டை கரும்பச்சையாயிற்று. புரதம் நான்கு பிளஸ்.

அறிவியல் பயிலாத தோழர்களுக்காக ஒரு சொல். இரத்தத்தில் ஆல்புமின் என்றொரு புரதம் உண்டு. முட்டையின் வெண்கருவில் இருப்பதற்கு உறவினர் என்று கொள்ளுங்கள். இரத்த நாளத்துக்குள் நீரைப் பிடித்து வைப்பது அதன் பணிகளில் ஒன்று. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதானால் அந்தப் புரதம் சிறுநீரில் ஒழுகிவிடுகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்குக் குறைவாகவே புரதம் வெளியேற வேண்டும். வடிகட்டி கெட்டவர்களுக்கு மூன்றரை கிராமுக்கு மேலும் போகும். உடலும் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்ளும். நாளத்துள் நிற்காத நீர் தசை தளர்ந்த இடம் பார்த்துத் தங்கும். கண்ணைச் சுற்றிய தோலைவிடத் தளர்ந்த இடம் வேறேது?

இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட் என்ற மருத்துவர், வீங்கிய உடலுக்கும் கெட்ட சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பை 1827-இல் எழுதினார். அவர் கையாண்ட கருவி என்ன தெரியுமா? ஒரு கரண்டி, ஒரு மெழுகுவர்த்தி. கரண்டியில் சிறுநீரை ஊற்றிச் சூடாக்கினால் புரதம் வெள்ளையாகத் திரளும். அவ்வளவே. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மெழுகுவர்த்தியில் தெரிந்துகொள்ளக்கூடியதை நான் நான்கு மாதம் தெரிந்துகொள்ளாமல் திரிந்தேன்.

வடிகட்டி கெட்டது தெரிந்துவிட்டது. எதனால் கெட்டது? மருத்துவர் வரிசையாகக் கேட்டார். மூட்டு வலி உண்டா, வலி மாத்திரை தின்பாயா, லேகியம் ஏதேனும் சாப்பிட்டாயா, காய்ச்சல் வந்ததா? எல்லாவற்றுக்கும் உள்ளபடி விடை சொன்னேன். கடைசியில் கேட்டார்:

"முகத்துக்கு ஏதாவது பூசுறியாம்மா?"

"இல்லைங்க டாக்டர். பவுடர்தான்."

பொய் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு உண்மை தெரியும். அவரும் வாய் திறக்கவில்லை. தீபாவளி முதல் நாள்தோறும் இரவில் நான் சிவப்பழகுக் கிரீம் பூசிவந்தேன். அத்தை மகள் நகரத்து ஃபேன்சி கடை ஒன்றில் வாங்கிக் கொடுத்தது. இதைச் சொல்வதில் என்ன கேடு என்று கேட்பீர்கள். 'கிரீம் பூசுகிறேன்' என்று சொல்வது, 'என் நிறம் எனக்கு வெட்கமாயிருக்கிறது' என்று சொல்வது. கறுப்பாக இருப்பது ஒரு வெட்கம். வெளுக்க முயல்வது அதைவிடப் பெரிய வெட்கம். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவள் பவுடர் என்றுதான் சொல்வாள்.

அந்த ஒரு பொய்யால் முதுகில் ஊசி செலுத்திச் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கை எடுத்தார்கள். கேட்டவுடன் சொல்லியிருந்தாலும் அந்தச் சோதனை தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் காரணம் தேடி அவர்கள் அத்தனை இரத்தச் சோதனைகள் செய்திருக்க வேண்டியதில்லை. வடிகட்டியின் சவ்வு தடித்திருக்கிறது என்று முடிவு வந்தது. மறுநாள் அந்த மருத்துவர் அம்மாவை டீ வாங்க அனுப்பிவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "நானும் உன் நிறந்தாம்மா. சொல்லு, திட்டமாட்டேன்" என்றார். சொல்லிவிட்டேன்.

டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். ஏதோ அயல்நாட்டு எழுத்து. உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தார்கள், எந்த ஊர், உரிம எண் என்ன — ஒன்றுமில்லை. என் இரத்தத்தையும் சிறுநீரையும் வெளியூர்ச் சோதனைக்கு அனுப்பினார்கள். பாதரசம் மிகுதியாக இருப்பதாக விடை வந்தது.

இது என் ஒருத்தியின் விபத்தன்று. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இவ்வகைச் சவ்வு நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள். 15 பேருக்கு 'நெல்-1' என்ற புரதம் சவ்வில் படிந்திருந்தது. (வயலில் விளையும் நெல் அன்று, ஆங்கிலச் சுருக்கப் பெயர்.) அந்தப் பதினைவரில் 13 பேர் நோய் தொடங்குமுன் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். ஒரே கிரீமா என்று யாரோ ஒருவர் கேட்கத் துணிந்ததால்தான் அந்தக் கணக்கு கிடைத்தது.

இனி நான் வெட்கப்பட வேண்டிய உண்மையான இடத்துக்கு வருகிறேன். நான் வேதியியல் மாணவி. தோலுக்குக் கருநிறம் தருவது மெலனின். அது உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரச உப்பு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. வெளுப்பதன் இரகசியம் இவ்வளவே. இத்தகைய கிரீம்களில் சேர்க்கப்படும் உப்புகளில் ஒன்று கலோமல், அதாவது மெர்குரஸ் குளோரைடு. உப்புப் பகுப்பாய்வில் முதல் தொகுதி: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு; அதில் அம்மோனியா ஊற்றினால் கறுத்துவிடும். இதை நான் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு எழுதிப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியவள். அதே இரவு பெட்டியைத் திறந்து அதையே கன்னத்தில் தேய்த்தவளும் நான்தான். கலோமல் என்ற பெயர் 'அழகு', 'கறுப்பு' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது என்பார்கள். அழகிய கறுப்பைப் பூசிக்கொண்டு வெளுக்கப் பார்த்தேன்!

சட்டம் இல்லாமலில்லை. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2018-இல் அதை உறுதிசெய்தது. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, முகப்பூச்சில் தவறிக் கலந்த பாதரசமே பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. விதி ஏட்டில் இருக்கிறது, டப்பா கடையில் இருக்கிறது. ஆனால் கடைக்காரரை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை.

சென்ற கல்வியாண்டில் ஒரு விழாவுக்குச் சிறப்பு விருந்தினரை வாயிலில் நின்று பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து வரவேற்கப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டுப் பேர் வரிசையில் நின்றோம். நால்வரை எடுத்தார்கள். "நீங்க நாலு பேரும் உள்ளே நாற்காலி போடுங்கம்மா" என்று எங்களை அனுப்பினார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. நிறம் என்ற சொல்லே எழவில்லை. எடுக்கப்பட்டவர்கள் என் நல்ல தோழிகள். ஆனால் நாற்காலி போட்ட நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், எங்களுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த மாதம் அத்தை மகள் டப்பாவைக் கொடுத்தபோது நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது இன்று நினைவில் இருக்காது. எனக்கு இருக்கிறது. வாயிலில் நிற்க வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி நான்கு பெயரை அழைத்தால் விருந்தினர் கோபித்துக்கொள்வாரா என்ன?

காலை வீக்கம் எல்லாம் கிரீமால் வருவதன்று. இதயம், கல்லீரல், தைராய்டு என்று வேறு காரணங்கள் பல. அதனால்தான் சிறுநீர்ச் சோதனையை முதலில் செய்யச் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு இல்லை. எழுதித் தரும் மருத்துவர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்று உண்டு: என்ன தின்றாய் என்று கேட்கும்போதே என்ன பூசினாய் என்றும், அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

கிரீமை நிறுத்தினேன். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். அது புரத ஒழுக்கையும் குறைக்குமாம். உப்பைக் குறைக்கச் சொன்னதுதான் பெரும்பாடு. ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் விடுதிச் சாப்பாட்டை உண்பது எப்படி என்பதை விடுதியில் இருப்பவர்கள் அறிவர். கருவாட்டுக் குழம்பு மணக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஆறு வாரத்தில் வீக்கம் நின்றது. நான்கு பிளஸ் மூன்றாகி, இரண்டாகி, டிசம்பரில் 'சுவடு' என்று வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னும் போய்வருகிறேன். என் நிறமும் திரும்பிவிட்டது.

சென்ற மாதம் விடுதியில் முதலாண்டுப் பெண் ஒருத்தி என் அறைக்கு வந்தாள். "அக்கா, போன வருஷம் நீங்க ஒரு கிரீம் போட்டீங்களாமே, நல்லா வெளுத்துச்சாமே, அது பேரு என்னக்கா?" என்றாள். உட்காரவைத்து இங்கே எழுதிய அத்தனையையும் சொன்னேன். வாய் பிளந்து கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்து, "கொஞ்ச நாளு மட்டும் போட்டா ஒண்ணும் ஆகாதுல்லக்கா? ஏப்ரல்ல பொண்ணு பார்க்க வர்றாங்க" என்றாள்.

அவள் காலைப் பிடித்துக் கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை. அவளையும் அவளுடைய பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு டப்பாவையும் அழைத்துக்கொண்டு அந்த மருத்துவரிடம் போகிறேன்.