நகைப்பவர் யார்? நகைக்கப்படுபவர் யார்?

"நகைச்சுவைப் படந்தானே, குழந்தைகள் பார்த்தால் என்ன?" என்னும் சொற்றொடரைப்போல் தமிழ்ப் பெற்றோரை ஏமாற்றிய சொற்றொடர் பிறிதொன்றில்லை. குருதி வழியும் படமாயின் கண்ணை மூடு என்கின்றனர். காமம் ததும்பும் படமாயின் எழுந்து போ என்கின்றனர். சிரிப்பு என்றவுடன் வீட்டின் கதவுகள் அனைத்தும் திறந்து விடுகின்றன. திறந்த கதவின் வழியே வருவது யாது என்று ஆராய்வார் எத்துணைப் பேர்?

ஆராயும் அளவுகோல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின்வழிப் பிறக்கும் என்றும் வரையறுத்தார். உரையாசிரியராகிய பேராசிரியர், எள்ளலை மேலும் இரண்டாகப் பகுத்துக் காட்டினார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவழித் தானே நகுதல் மற்றொன்று. இப்பகுப்பின் ஆழத்தை இற்றைத் திரையரங்கில் அமர்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னது செருக்கை வளர்க்கும். பின்னது மானத்தைக் கொல்லும். இரண்டும் இளநெஞ்சிற்கு நஞ்சாகலாம். இரண்டனுள் கொடியது பின்னதே.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சேலத்திற்கு வடக்கே, ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில், ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலைக்குச் சென்றால் போதும். அம்மலையின் பழங்குடி மக்கள் 'மலையாளி' எனப்படுவோர். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரென மயங்குவோர் உளர். அவர்கள் மலையை ஆண்டு வாழும் தமிழர். அவர்தம் தாய்மொழி தமிழே. காஞ்சிப் பகுதியிலிருந்து மலையேறிய முன்னோர் வழியினர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. சேர்வராயனை வணங்கி, தினையும் சாமையும் விளைத்து, குளம்பித் தோட்டங்களில் உழைத்து வாழும் குடியினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டிருப்பதும் அவர்களை முன்னிட்டே.

இம்மக்களைத் தமிழ்த் திரைப்பட நகைச்சுவை எங்ஙனம் காட்டி வந்துள்ளது? இலைதழை உடுத்தியோராக, முகத்தில் கரி பூசியோராக, பொருளற்ற ஒலிகளைக் கூவியோராக, வழிதவறி வந்த நகைச்சுவை நடிகனைக் கம்பத்தில் கட்டி நெருப்பு மூட்டும் கூட்டமாக! எந்த மலையில், எந்தக் காட்டில், எந்தத் தமிழ்க்குடி இவ்வாறு வாழ்ந்தது? படம் எடுத்தவர்க்கு அவ்வினா எழுந்ததே இல்லை. மலைச் சிற்றூரின் உண்டு உறைவிடப் பள்ளியில் பயிலும் சிறுவன் அக்காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்கின்றான். சுற்றிலும் உள்ளோர் சிரிக்கின்றனர். அவனும் சிரிக்கின்றான். பேராசிரியர் சொன்ன இரண்டாம் எள்ளல் இதுவே. தன்னைப் பார்த்துத் தானே நகுமாறு ஒரு சிறுவனைப் பழக்கியபின், தன் பாட்டன் மொழியையும் தன் தாயின் உடையையும் அவன் மறைக்கத் தொடங்குவான். இதனை அறியாமல், "யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை" என்று படத்தின் முகப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் புண் ஆறிவிடுமா?

இரண்டாம் இழிவு தமிழாசிரியர்க்கு நேர்வது. 1941-இல் வெளிவந்த 'சபாபதி' படத்திலேயே தமிழாசிரியர் மாணவனின் கேலிப்பொருளானார். அதன்பின் வந்த படங்களில் அவ்வுருவம் மீண்டும் மீண்டும் வந்தது. தூய தமிழ் பேசுபவர் என்றால் உலகறியாதவர், ஏமாளி, உண்டிப் பித்தர் என்பது எழுதா விதியாயிற்று. ஆங்கிலம் பேசுபவன் கதைத்தலைவன். தமிழ் பேசுபவன் கோமாளி! ஏற்காட்டில் நூறாண்டுக்கும் மேலாக ஆங்கிலவழி உறைவிடப் பள்ளிகள் நடக்கின்றன. தாய்மொழியைப் பாடவேளையில் மட்டும் சந்திக்கும் மாணவர் அத்தகைய பள்ளிகளில் மிகுதி. தமிழைக் கோமாளியின் வாயில் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, அம்மொழியை எவ்வாறு மதிக்கும்?

"தணிக்கைத் துறை எதற்கு இருக்கின்றது?" என வினவலாம். 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் படங்களுக்குச் சான்று வழங்கப்படுகின்றது. 1983-இல் சான்று வகைகள் நான்காக்கப்பட்டன. பெற்றோர் துணை வேண்டும் எனக் குறிக்கும் 'யுஏ' வகையை, 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் 7, 13, 16 என்னும் அகவை வரம்புகளால் மூன்றாகப் பிரித்துள்ளது. இது வரவேற்கத் தக்கதே. ஆயினும் அகவையை எண்ணிவிட்டால் அறம் அளந்ததாகுமா? 1991-இல் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், இரட்டைப் பொருள்படும் கீழ்மைச் சொற்களையும், இனம் சமயம் முதலிய குழுக்களை இழித்துரைப்பதையும், உடற்குறை உடையாரை வீணே எள்ளுவதையும் விலக்கச் சொல்கின்றன. நெறி தாளில் இருக்கின்றது. திரையிலோ கருநிறத்தானும் குட்டையனும் திக்குவாயனும் உதைபட்டுக்கொண்டே இருக்கின்றனர். கத்தரிக்கோல் முத்தத்தைக் கண்டால் பாய்கின்றது; இழிவைக் கண்டால் உறங்குகின்றது.

தமிழக அரசு 2006-இல் தமிழ்ப்பெயர் சூட்டிய படங்கட்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. 2011-இல் 'யு' சான்றும் தமிழ்ப் பண்பாடு பேணலும் அதற்குரிய கட்டுப்பாடுகளாயின. 2017-இல் சரக்கு-பணி வரி வந்தபின் அவ்வேற்பாடு பழைய வடிவில் நிலைக்கவில்லை. வாயிலில் தமிழ்ப்பெயர் எழுதி உள்ளே தமிழனை எள்ளியோரும் அவ்விலக்கால் பயனடைந்தனர் என்பதே அப்பட்டறிவு கற்பித்த பாடம்.

இன்னும் ஒன்று. சான்றிதழ் முழுப்படத்திற்கு உரியது. சிறுவர் பார்ப்பதோ முழுப்படத்தை அன்று. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஐந்து மணித்துளித் துணுக்குகளாக வெட்டித் தரப்பட்ட சிரிப்பையே பார்க்கின்றனர். எள்ளியவன் இறுதியில் திருந்தினான் என்பது படத்தில் இருக்கலாம், துணுக்கில் இராது. உதை மட்டும் வந்து சேரும். உணர்வு வந்து சேராது.

அவ்வாறாயின் நகைச்சுவைப் படங்களை அறவே விலக்குதல் வேண்டுமோ? வேண்டா! விலக்குவோர் நகையின் அருமையை அறியாதோர். 2006-இல் சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு இரு வேடம் பூண்டு நடித்த 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி'யை எடுத்துக்கொள்ளலாம். பெயரில் உள்ள 'இம்சை' வடசொல் என்பது குறையே. ஆயினும் அப்படம் யாரை எள்ளுகின்றது? ஏழையை அன்று, மன்னனை! வெள்ளையர்க்கு நாட்டை அடகு வைக்கும் பேதையை! சாதிச் சண்டைக்கெனத் திடல் திறந்து வைக்கும் ஆட்சியை! குளிர் குடிப்பு விற்று மக்கள் உடல்நலம் கெடுக்கும் வாணிகத்தை! அதில் பேதை மன்னனும் செந்தமிழ் பேசுகின்றான். மக்கள்பக்கம் நிற்கும் அவன் உடன்பிறப்பும் செந்தமிழே பேசுகின்றான். ஆகவே நகைக்கப்படுவது பேதைமையே ஒழியத் தமிழன்று. ஒறுப்புகளை வேடிக்கையாக்கும் சில காட்சிகளின்போது இளஞ்சிறார்க்குப் பெரியோர் துணை வேண்டும். பதின்ம அகவையர் தாராளமாகப் பார்க்கலாம். பார்த்தபின் தம் ஊர்ப் புலிகேசிகளை அடையாளமும் காணலாம்.

இவ்விரட்டையர் கதை ஏற்காட்டு அடிவாரத்திற்குப் பழைய உறவு. 1935-இல் திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்சு, 1940-இல் பி.யு. சின்னப்பாவை இரு வேடங்களில் நடிக்க வைத்து 'உத்தமபுத்திரன்' எடுத்தது. கொடியவனும் நல்லவனுமாகிய இரட்டையர் எனும் அக்கதையே நகைச்சுவையாக மாறி 66 ஆண்டுகட்குப்பின் புலிகேசியாயிற்று. ஏற்காட்டுச் சாலையில் அந்நிறுவனத்தின் முகப்பு வளைவு இன்றும் நிற்கின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த மண், சிரிப்பின் தரத்தை அளக்கவும் முன்னிற்றல் பொருந்தும்.

எனவே பெற்றோரும் ஆசிரியரும் சான்றிதழின் எழுத்தைப் பார்த்து அமையாமல் மூன்று வினாக்களை எழுப்புதல் கடன். முதலாவது: இப்படம் வலியவனை எள்ளுகின்றதா, மெலியவனையா? இரண்டாவது: படம் முடிந்தபின் பிள்ளையின் நாவில் எஞ்சி நிற்கும் சொல் யாது? அது பள்ளித் திடலில் யாரைச் சுடும்? மூன்றாவது: எள்ளப்பட்டவன் அருகில் அமர்ந்திருந்தால் அவன் முகம் பார்த்துச் சிரிக்க இயலுமா? மூன்றிற்கும் நல்ல விடை கிடைக்குமாயின் அப்படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம்; வாய்விட்டுச் சிரிக்கலாம்.

அரசிற்கும் ஒரு கடமை உண்டு. அகவை எண்ணை மட்டும் அறிவியாமல், படத்தில் உள்ள தீங்கு யாதென்பதை ஒரே வரியில், தமிழில், சுவரொட்டியிலும் துணுக்கின் தலைப்பிலும் எழுதச் செய்தல் வேண்டும். பழங்குடியினரை இழிவாகக் காட்டும் காட்சிகளை ஆய்ந்து சான்று வழங்கும் குழுவில் மலைமக்களும் இடம்பெறல் வேண்டும். பள்ளிகள் நல்ல நகைச்சுவைப் படங்களைத் தேர்ந்து காட்டி, காட்டியபின் மாணாக்கரைப் பேசவிடல் வேண்டும்.

சிரிப்பு அறிவின் கூர்மை. அது மேல்நோக்கிப் பாயுமாயின் கொடுங்கோலரின் மணிமுடி சாயும். கீழ்நோக்கிப் பாயுமாயின் எளியோன் மகனின் தலை குனியும். சேர்வராயன் மலைச் சிறுவன் தலைநிமிர்ந்து சிரிக்கும் படம் எதுவோ, அதுவே தமிழ்ப் பிள்ளைகட்கு ஏற்ற படம். மற்றவற்றை மறுக்கும் துணிவு தமிழ்க் குடும்பங்கட்கு வருக!