எண்ணெய் என்ன கெடுதல் பண்ணிடப் போகுது?

ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் போதும், கடையநல்லூரிலிருந்து குற்றாலத்துக்கு ஒரு தடவையாவது போய்வராத வீடு குறைவு. குளித்துவிட்டுத் திரும்பும்போது பையில் மூன்று சாமான்கள் கண்டிப்பாக இருக்கும். நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான் பழம், அப்புறம் வேரும் இலையும் மிதக்கும் ஒரு பாட்டில் மூலிகை எண்ணெய். முதல் இரண்டும் பிள்ளைகளுக்கு. மூன்றாவது உம்மாவுக்கு, இல்லாவிட்டால் அத்தைக்கு, இல்லாவிட்டால் மதினிக்கு. "முடி கொட்டுதுன்னு சொன்னீங்கல்ல, இதத் தேய்ங்க!"

(அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ போட்டுக் குளிக்கத் தடை. அருவிக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய் விற்கத் தடை கிடையாது. என்ன நியாயமோ :-))

இந்தப் பாட்டிலைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் ஊரே சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லும்: "வெறும் எண்ணெய்தானே, என்ன கெடுதல் பண்ணிடப் போகுது?"

கெடுதல் பண்ணுகிறது மக்களே. பாட்டிலுக்குள் இருப்பதால் அல்ல, அந்தப் பாட்டில் எதைத் தள்ளிப்போட வைக்கிறதோ அதனால்.

முதலில் எண்ணெய்க்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைக்கிறது என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. முடி உடைவது குறையும், சிக்கு விழாது, பளபளப்பு வரும். ஆனால் இதெல்லாம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட முடிக்கு. அது உயிரில்லாத இழை. முடி உருவாகும் இடம் தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்கால். 45 வயதில் ஒரு பெண்ணுக்கு முடி மெலிகிறது என்றால் கோளாறு அங்கேதான். துணிக்குக் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கும். அதற்காகத் தறி சரியாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? கைத்தறி ஓடிய ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எண்ணெய் தேய்த்து முடி வளர்ந்தது என்று சத்தியம் செய்கிறவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார்கள். காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்கிறார்கள்.

கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பெரிய துக்கம், இவற்றில் ஏதாவது ஒன்று வந்துபோனால் உடம்பு நிறைய மயிர்க்கால்களை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே திரும்ப முளைக்கும். 2012-ல் கடையநல்லூரை டெங்கு உலுக்கி எடுத்தது. 2020-லும் 2021-லும் கொரோனா. இந்த மாதிரிக் காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு மூன்றாவது மாதம் முடி கொட்டுகிறது. நான்காவது மாதம் எண்ணெய் வாங்குகிறார். ஏழாவது மாதம் புது முடி எட்டிப் பார்க்கிறது. பச்சைத் தண்ணீரைத் தேய்த்திருந்தாலும் ஏழாவது மாதம் அது எட்டிப் பார்த்திருக்கும்! ஆனால் பெயர் எண்ணெய்க்குப் போய்விடுகிறது. அவர் பத்துப் பேரிடம் சொல்கிறார். பைசா செலவில்லாத விளம்பரம், அதுவும் மனசாரச் செய்யும் விளம்பரம்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கு வேறு சிக்கல் இருக்கும். வகிடு வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போகிறது, முன்நெற்றி ஓரம் அப்படியே இருக்கிறது, உச்சியில் மட்டும் தோல் தெரிகிறது என்றால் அது பெண்களுக்கு வரும் பரம்பரை முடிமெலிவாக இருக்க வாய்ப்பு அதிகம். மாதவிலக்கு நிற்கிற வயதை ஒட்டி அது கூடும். இதில் மயிர்க்கால் ஒரே நாளில் சாவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்கி, முந்தினதைவிட மெல்லிய, குட்டையான முடியைத் தரும். சுருங்குகிற கட்டத்தில் பிடித்தால் நிறுத்தி வைக்கலாம், ஓரளவு மீட்கவும் செய்யலாம். ஒரேயடியாகச் சுருங்கிப்போனதை மீட்பது ரொம்பக் கஷ்டம்.

வணிகவியல் புத்தகங்களில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப்போகும் இன்னொன்றின் மதிப்பு. மாதம் 500 ரூபாய் எண்ணெய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷத்துக்கு 12,000 ரூபாய். கணக்குப் புத்தகத்தில் விழும் செலவு இவ்வளவுதான். விழாத செலவு அந்த இரண்டு வருஷம். அதை எந்த மூலிகையும் திருப்பித் தராது.

இது முடியோடு முடிகிற விஷயமும் இல்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நாற்பதைத் தாண்டியபின் பல பெண்களுக்கு மாதவிலக்கு தாறுமாறாகி, உதிரப்போக்கு அதிகமாகும். உடம்பிலிருந்து இரும்புச்சத்து இறங்கிக்கொண்டே இருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்ற உட்கார்ந்தால் கண் சொருகும். கூடவே முடியும் கொட்டும். மூச்சு வாங்குவதை "வயசாகுதுல்ல" என்று தள்ளிவிடுகிறார்கள். உதிரப்போக்கை வெளியே சொல்லக் கூச்சம். வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே புகார் முடி மட்டும்தான். அந்த ஒரு புகாருக்கும் வீடு கொடுக்கும் பதில் ஒரு பாட்டில் எண்ணெய். கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம். முடி மணி அடித்துக் கூப்பிடுகிறது, வீட்டார் மணிக்கு எண்ணெய் போடுகிறார்கள்!

ஆகவே சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முதல் படி மருந்துக்கடை இல்லை, ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், உடம்பின் இரும்பு இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின், தைராய்டு. மாதவிலக்கு தாறுமாறாக இருந்தால் மகளிர் மருத்துவர். கடையநல்லூரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, தென்காசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. தோல் மருத்துவரைப் பார்க்கப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு வரை போக வேண்டி வந்தாலும் பஸ் செலவு எண்ணெய் பாட்டில் விலையைத் தாண்டாது.

சரி, எண்ணெய்க்காரரை மட்டும் அடித்தால் போதுமா? நகரத்துக் கிளினிக்குகள் என்ன யோக்கியம்? போன உடனே பயோட்டின் மாத்திரை. பயோட்டின் பற்றாக்குறை உள்ளவர்களுக்குத்தான் அதனால் பலன், அந்தப் பற்றாக்குறையோ அபூர்வம். இன்னொரு கூத்தும் உண்டு. அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டால் தைராய்டு முதலான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவு தப்பாக வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது. எந்தப் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டுமோ அதையே குழப்பிவிடும் மாத்திரை! அடுத்தது பிஆர்பி. சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தலையில் ஊசி போடுவது. சிலருக்குப் பலன் தெரிகிறது. ஆனால் எத்தனை ஊசி, எவ்வளவு இடைவெளி என்பதில் இடத்துக்கு இடம் கணக்கு வேறு. தவணைமுறையில் பணம் கட்டச் சொல்லும் கிளினிக் பலனையும் தவணைமுறையில் எழுதிக் கொடுக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

நல்ல ஆதாரம் உள்ள மருந்து ஒன்று இருக்கிறது. மினாக்சிடில். முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததைப் பார்த்துத் தலைக்குப் போடும் திரவமாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988-ல் ஆண்களுக்கும், 1991-ல் பெண்களுக்கு 2 சதவீதத் திரவமாகவும், 2014-ல் பெண்களுக்கு 5 சதவீத நுரையாகவும் அனுமதி கிடைத்தது. எண்ணெய்க்காரர் சொல்லாத உண்மைகளை இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் சில வாரங்கள் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்தது சில மாதங்களில் போய்விடும். சிலருக்கு முகத்தில் ரோமம் வரும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் போடக்கூடாது, இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் வேலை செய்யும் என்ற உத்தரவாதமும் இல்லை. இதே மருந்தைக் குறைந்த அளவில் மாத்திரையாகவும், வேறு சில ஹார்மோன் மருந்துகளையும் தோல் மருத்துவர்கள் ஆளைப் பார்த்துக் கொடுப்பதுண்டு. அதெல்லாம் அவர்கள் கண்காணிப்பில் மட்டும்தான்.

இத்தனை நிபந்தனையோடு வரும் மருந்தை யாரும் விரும்ப மாட்டார்கள்தான். "ஆறே வாரம், பக்கவிளைவு இல்லை" என்று வருவதைத்தான் பிடிக்கும். அந்த 'ஆறு வாரம்' புளியரையைத் தாண்டிக் கேரளாவில் கோர்ட் வரைக்கும் போன கதை இருக்கிறது. 2012-ல் ஒருவர் 376 ரூபாய்க்கு தாத்ரி ஹேர் க்ரீம் வாங்கினார். ஆறு வாரத்தில் முடி வளரும் என்று விளம்பரம். வளரவில்லை. வழக்குப் போட்டார். விளம்பரத்தில் நடித்த நடிகர் அனூப் மேனன், தான் அதைப் பயன்படுத்தியதில்லை, அம்மா காய்ச்சிக் கொடுக்கும் எண்ணெயைத்தான் தேய்ப்பதாகச் சொன்னார்! திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் நிறுவனத்துக்கும் நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் விதித்த செய்தி வந்தது 2021 ஜனவரியில். 376 ரூபாய்க்கு நியாயம் கிடைக்க எட்டு வருஷத்துக்கு மேல்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்து, அழகுப்பொருள் விதிகளில் 'ஜே' என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் உள்ளவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. வழுக்கையும் புது முடி வளர்ப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், அதில் நடித்தவருக்கும் சேர்த்து. பாட்டிலில் பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், தயாரிப்பாளர் முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கடைசியாக ஒரு கூட்டம் பாக்கி. எண்ணெய் விற்காதவர்கள், கிளினிக் நடத்தாதவர்கள், ஆனால் எல்லோரையும்விட அதிகக் கெடுதல் செய்பவர்கள். "பேரன் எடுக்கிற வயசுல முடி எதுக்கு?" என்பவர்கள். "முக்காட்டுக்குள்ள யார் பாக்கப் போறா?" என்பவர்கள். இதே ஆட்கள் முப்பது வயது மகனின் நெற்றி ஏறினால் பெண் கிடைக்காதே என்று திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் கூட்டிக்கொண்டு அலைவார்கள்.

யார் பார்க்கப் போகிறார்கள்? அவரே பார்க்கிறார். தினமும் காலையில் சீப்பில் சுற்றிக்கொண்டு வருவதை விரலில் உருட்டி, யாருக்கும் தெரியாமல் குப்பையில் போடுகிறார். எல்லாம் தெரிந்துகொண்டபின் "எனக்கு மருந்து வேண்டாம், இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று அவர் முடிவு செய்தால் அது முழு மரியாதைக்குரிய முடிவு. ஆனால் அந்த முடிவை அவர் எடுக்க வேண்டும். அவருக்குப் பதில் மகனோ, வீட்டுக்காரரோ, குற்றாலத்துக் கடைக்காரரோ எடுக்கக் கூடாது.

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் தாராளமாகப் போய்வாருங்கள். சிப்ஸ் வாங்குங்கள், மங்குஸ்தான் வாங்குங்கள். எண்ணெய்க்கு எடுத்து வைத்த காசை மட்டும் பையிலேயே வைத்திருந்து, ஊருக்குத் திரும்பியதும் உம்மாவை ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போகிற வழியில், மூச்சு வாங்குகிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.