எங்களுக்குப் பிறகு யார்?

ஆட்டிசமோ, டவுன் சிண்ட்ரோமோ, மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளையை வளர்க்கும் ஒரு தாய், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கேட்கும் ஆறுதல்களைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம். "உங்களால தாங்க முடியும்னு தெரிஞ்சுதான் கர்த்தர் கொடுத்திருக்காரு." "இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிங்கம்மா." "பக்கத்து ஊர்ல ஒரு பிரதர் இருக்காரு, தலையில கை வச்சா போதும்." கொஞ்சம் நெருங்கிய சொந்தம் என்றால் குரல் தாழும்: "மாசமா இருக்கும்போது ஏதாவது…" சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டுக்கு முதலில் பலகாரம் கொடுத்தனுப்புவதும் அவர்கள்தான். ஆனாலும் அந்தத் தாய் அன்று மத்தியானம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பது பிள்ளையை நினைத்து அல்ல, இந்த ஆறுதல்களை நினைத்துத்தான்.

இது பழைய கதை. யோவான் சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவனைக் கண்டதும் சீடர்களுக்கு வந்த முதல் சந்தேகம், இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்பது. இரண்டும் இல்லை என்று இயேசு அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார். அந்த அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவர் கிடையாது. கேட்டுவிட்டு வாசலுக்கு வந்ததும் சீடர்கள் கட்சியில் சேர்ந்துவிடுகிறோம்.

வெகுகாலம் மருத்துவர்களிலும் பலர் அந்தக் கட்சிதான். 1928 ஜனவரி 1 அன்று, ஜெர்மனியில் பணியிலிருந்த ஒரு பிரெஞ்சு ராணுவ அதிகாரிக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. பெயர் ஆன். டவுன் சிண்ட்ரோம். அந்தக் காலத்தில் இதற்குக் காரணம் கேட்டால், தகப்பனின் குடி, பெற்றோரின் பால்வினை நோய் என்று சொல்லத் தயங்காத டாக்டர்கள் இருந்தார்கள். உண்மைக் காரணம் தெரிய 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு இருக்க வேண்டிய 21ஆவது குரோமோசோம் மூன்றாக இருக்கிறது என்று பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே உள்ளிட்டோர் வெளியிட்டார்கள். (ஆய்வகத்தில் செல்களை வளர்த்து எடுத்த மார்த் கோத்தியேயின் பெயர் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டது தனிச் சோகம்.) உயிரணு பிரியும்போது நேர்கிற ஒரு பிசகு. தாய் தின்றதாலும் இல்லை, தகப்பன் செய்ததாலும் இல்லை.

அந்த ராணுவ அதிகாரிதான் பிற்காலத்தில் பிரான்சின் அதிபரான சார்லஸ் டி கோல். அவரும் மனைவி இவோனும் அழுத்தமான கத்தோலிக்கர்கள். வசதியான குடும்பங்கள் இப்படிப்பட்ட பிள்ளையை எங்கேயாவது விடுதியில் சேர்த்துவிட்டு, பேச்சே எடுக்காமல் இருந்த காலம் அது. இவர்கள் அனுப்பவில்லை. 1934இல் கொலோம்பே என்ற சிற்றூரில் தோட்டத்தோடு வீடு வாங்கியதற்கு ஆனுக்கு அமைதியான இடம் வேண்டும் என்பது ஒரு முக்கியக் காரணம். 1940 ஜூனில் ஜெர்மன் படை நெருங்கியபோது, இவோன் பிள்ளைகளோடு கப்பலேறி இங்கிலாந்து போனார். ஆனும் கூடவே போனாள். ஆறடிக்கு மேல் உயரம், சிரிப்பு என்பதே அபூர்வம் என்று பேரெடுத்த மனிதர், வீட்டுக்கு வந்தால் மகளுக்குப் பாட்டுப் பாடுவார், கையைத் தட்டுவார், தன் ராணுவத் தொப்பியை அவள் பிடுங்கி விளையாட விட்டுவிடுவார். அவள் தெளிவாகச் சொன்ன ஒரே வார்த்தை 'பப்பா' என்பார்கள்.

இதைப் படித்துவிட்டு, "அவர் தளபதி, வீட்டோடு ஒரு தாதி இருந்தார், எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வி. விசுவாசம் இருந்தால் போதும் என்று அவருக்குப் பதில் சொல்வது அநியாயம். இரவில் மூன்று மணி நேரம் தூங்குகிற பெண்ணுக்கு முதல் தேவை இன்னொரு ஜோடிக் கை.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் பத்து வயதுப் பையன் ஒருவன். கீபோர்டும் டிரம்ஸும் தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். சத்தம் ஏற ஏறக் கத்துவான். எல்லாத் தலையும் திரும்பும். அம்மா அவனை இழுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். பல வருடம் அவருக்கு ஆராதனை என்பது குழாய் ஒலிபெருக்கியில் வந்ததுதான். ஒருநாள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு அக்காமார் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டு ஜெயித்தார்கள். அதையும் தாண்டி அவன் எழுந்தால் முறை வைத்து ஒருவர் வெளியே அழைத்துப் போவார். பழைய பாட்டுப் புத்தகங்களை அளவு பார்த்து அடுக்குவதில் அவனுக்கு அப்படியொரு பிரியம்; ஓரம் ஒரு நூல் விலகினாலும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்குவான். அவன் அடுக்கிக்கொண்டிருந்த முதல் ஞாயிறு, அம்மா உள்ளே உட்கார்ந்து பிரசங்கத்தில் பாதியைத் தூங்கியே கழித்தாராம். அந்தப் பிரசங்கத்தால் விளைந்த பெரிய நன்மை அதுதான் என்பேன்.

குணமாக வேண்டும் என்று ஜெபிப்பதை நான் குறை சொல்லவில்லை. மாற்கு 9இல் வலிப்பு வருகிற மகனைக் கொண்டுவந்த தகப்பன், தன் நம்பிக்கையையும் நம்பிக்கைக் குறைவையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் நின்றான். போய் விசுவாசத்தை முழுசாக்கிக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. களைத்துப்போன பெற்றோர் அப்படியே வரலாம். ஆனால் ஒன்று: எந்த எழுப்புதல் கூட்டத்தில் யார் சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊர் கேட்பது யார் செய்த பாவம் என்று. பெற்றவர்கள் ராத்திரியில் கேட்டுக்கொள்வது வேறு: எங்களுக்குப் பிறகு யார்? டி கோல் தம்பதிக்கும் அந்தக் கவலை இருந்தது. போர் முடிந்ததும், ஆனைப் போன்ற ஏழைப் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பெரிய மாளிகையை வாங்கி அறக்கட்டளை தொடங்கினார்கள். டி கோலின் போர் நினைவுகள் நூலுக்கு வந்த பணம் அதற்குப் போனது. 1948 பிப்ரவரியில், இருபது வயதில், நுரையீரல் அழற்சியால் ஆன் இறந்துபோனாள். அவளுக்காக நினைத்துத் தொடங்கியது மற்றப் பிள்ளைகளுக்காக இன்றும் நடக்கிறது. தன்னை மகளுக்குப் பக்கத்திலேயே புதைக்க வேண்டும் என்று டி கோல் முன்கூட்டியே எழுதிவைத்தார். 1970இல் அப்படியே நடந்தது.

"கர்த்தர் பார்த்துக்குவாரு" என்று நம் ஆட்கள் இந்தக் கவலையை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சிலுவையில் தொங்கும்போது இயேசுவே அப்படி விட்டுவிடவில்லை. எதிரே நின்ற தாயைத் தமக்குப் பிரியமான சீடனிடம் ஒப்படைத்தார். பொறுப்பேற்க ஆள் இன்னாரென்று காட்டிவிட்டுத்தான் போனார்.

நம் நாட்டில் அந்த ஒப்படைப்புக்குச் சட்டமே இருக்கிறது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவருக்கு 18 வயது நிரம்பியபின் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். பெற்றவர்கள் என்பதாலேயே பாதுகாவலர் உரிமை அதற்குப் பிறகும் தொடராது. பல பெற்றோருக்கு இது வங்கியில் போய் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் நியமனம் செய்யும். பெற்றோர் தவிர உறவினரையோ, பதிவு பெற்ற அமைப்பையோகூட நியமிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இதே சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும்.

பிள்ளைக்கு 18 ஆகிவிட்டதென்றால் விண்ணப்பத்தை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் யார் என்பதை, கூச்சப்படாமல் தம்பியிடமோ மூத்த மகளிடமோ இப்போதே பேசிவையுங்கள். ஆயர்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: ஜெப விண்ணப்பத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமையே, அந்தப் பெற்றோரோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்வர சபையிலிருந்து ஒருவரையும் நியமித்துவிடுங்கள்.