பரீட்சைப் பயம்: குற்றம் மாணவியிடமா?

கடந்த தவணைப் பரீட்சையில் இரசாயனவியல் இரண்டாம் பகுதி வினாத்தாளைத் திறந்தேன். முதலாவது வினா எனக்கு நன்றாகத் தெரிந்தது. முந்திய இரவுதான் அதைச் செய்து பார்த்திருந்தேன். ஆனால் கை விறைத்துப் போயிற்று. நுவரெலியாக் குளிர்தானே என்று உள்ளங்கைகளைத் தேய்த்துப் பார்த்தேன். கைகள் வியர்த்திருந்தன. பத்து நிமிடம் வரை சுட்டெண்ணைத் தவிர வேறொன்றும் என்னால் எழுத முடியவில்லை.

வீட்டில் சொன்னேன். "பிஸ்மி சொல்லித்தானே தொடங்கின?" என்று உம்மா கேட்டார். "போன கொஞ்சம் கொறைங்க மகள், எல்லாம் சரியாகும்" என்றார் வாப்பா. "நேரசூசி போட்டுப் படித்தால் பயம் வராது" என்றார் ஆசிரியை. மூவரும் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் மூவருமே காரணத்தை எனக்குள்ளேயே தேடினார்கள். எனது ஈமான், எனது போன், எனது சோம்பல்.

நான் வகுப்பில் விசாரித்துப் பார்த்தேன். பரீட்சை நாள் காலையில் வாந்தியெடுப்பவள் ஒருத்தி. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு பிறகு தூங்காதவள் ஒருத்தி. வகுப்பில் எப்போதும் முதலாம் இடத்தில் இருப்பவள், பெறுபேறு வரும் நாட்களில் சாப்பிடுவதில்லை என்றாள். ஒருத்திக்கு வந்தால் அது அவளுடைய பலவீனம் எனலாம். வகுப்பு முழுவதற்கும் வந்தால் காரணம் வெளியேயும் இருக்க வேண்டும் அல்லவா? அந்த வெளிக் காரணங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதற்காரணம், வாசல் ஒடுக்கமானது. இலங்கையில் ஒவ்வொரு வருடமும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்கான தகைமையைப் பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு மட்டுமே. நால்வர் சித்தியடைந்தால் ஏறக்குறைய மூவர் வெளியே நிற்கிறார்கள். அவர்கள் பெயிலானவர்கள் அல்லர், பாஸானவர்கள். பாஸான பிள்ளையே தோற்றவளாக வீடு திரும்பும் பரீட்சை இது. அதற்குப் பயப்படுகிறவளைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, இசட் புள்ளி. இது எப்படிக் கணிக்கப்படுகிறது என்பது பெற்றோரில் பலருக்குத் தெரியாது. ஒரு பாடத்தில் நாம் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்கிறார்கள். பிறகு மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுக்கிறார்கள். நான் 60 எடுத்தேன் என்று வையுங்கள். நாடு முழுவதற்குமான சராசரி 40, நியம விலகல் 10 என்றால் எனது இசட் புள்ளி 2. அதே 60 ஐ எடுத்து, சராசரி 55 ஆக இருந்தால் வெறும் 0.5. நான் எழுதிய விடையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மற்றவர்கள் எழுதியதுதான் மாறியது.

இம்முறை கூடாது என்று நான் சொல்லவில்லை. கடினமான பாடத்தை எடுத்தவர் நட்டப்படாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் "எவ்வளவு எடுத்தால் போதும்?" என்ற கேள்விக்கு இதில் பதிலே இல்லை. சென்ற வருட வெட்டுப்புள்ளி இந்த வருடத்துக்கு உத்தரவாதமாகாது. எல்லை தெரியாத ஓட்டத்தில் ஓடுகிறவள், பக்கத்தில் ஓடுகிறவளையே பார்த்துக்கொண்டு ஓடுவாள். தோழி நோட்டுக் கொடுக்க மறுக்கிறாள் என்றால் அவள் கெட்டவள் அல்ல. அவளுடைய புள்ளியை என் புள்ளி குறைக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். கணக்கே சில வேளை பிழைத்தும் இருக்கிறது. 2011 ஆம் ஆண்டு பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளியை 2012 இல் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. அந்த வருடத்துப் பிள்ளைகள் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்கள்!

மூன்றாவது, நாள் நிச்சயமின்மை. 2022 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை நடந்தது 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும். விடைத்தாள் திருத்துவதில் பல்கலைக்கழக விரிவுரையாளர்களின் பகிஷ்கரிப்பும் சேர்ந்துகொள்ள, பெறுபேறு வந்தது செப்டம்பரில். 2024 ஜனவரியில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியே கசிந்து, மாணவர்கள் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. அதே பரீட்சையின் பெறுபேறு மே இறுதியில் வந்தபோது, திருகோணமலையில் நம்மைப் போன்ற 70 முஸ்லிம் மாணவிகளின் பெறுபேறுகள், பர்தாவால் காது மறைந்திருந்தது என்ற காரணத்துக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. பின்னர் விட்டுக் கொடுத்தார்கள்தான். ஆனால் அந்த நாட்களில் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்திருக்குமா? மண்டபத்துக்குள் நுழையும்போது, படித்தது மறந்துபோகுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. முந்தானையைப் பற்றிய பயமும் எங்களுக்குக் கூடுதலாகச் சேர்ந்துகொண்டது.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். என் தாத்தா 2025 நவம்பர் 10 ஆம் திகதி தொடங்கிய பரீட்சையை எழுதினார். மாத இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையகம் முழுவதும் மண் சரிந்தது. பாதைகள் அறுந்தன, மின்சாரம் இல்லை, போன் வேலை செய்யவில்லை. பரீட்சை இடைநிறுத்தப்பட்டதாக ரேடியோவில்தான் கேட்டோம். தாத்தாவுக்கு இன்னும் பாடம் மிச்சமிருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் புத்தகத்தைத் திறந்தார், பிறகு மூடினார். "மண்ணுக்குள்ள போன சனத்துக்கு முன்னால எனக்கு என்னத்தப் படிப்பு?" என்றார். சிறிது நேரத்தில் மீண்டும் திறந்தார். படித்தால் குற்றம் செய்வதுபோல் இருந்தது, படிக்காவிட்டால் பயமாக இருந்தது. மீதிப் பாடங்கள் 2026 ஜனவரி 12 இல்தான் மீண்டும் தொடங்கின. அந்த ஆறு வாரங்களில் அவர் மெலிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நான்காவது, நாம் பிறந்த இடம். நுவரெலியா, கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் ஒன்று. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட சனத்தொகைக்கும், 5 வீதம் இந்தப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இதனால் நமது வெட்டுப்புள்ளி கொழும்பை விடக் குறைவு. "ஒங்களுக்கென்ன, கோட்டா இருக்கே" என்று வெளியூர் உறவினர்கள் சொல்வார்கள். கோட்டா ஏன் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

டியூஷன் வகுப்பில் என் பக்கத்தில் அமரும் தோழி தோட்டத்து லயனிலிருந்து வருகிறாள். அவளது பழைய பாடசாலையில் இரண்டு வருடம் விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே இருக்கவில்லை. தமிழ் மொழி மூலம் கணிதம், விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் போதாமை மலையகத்தின் பழைய நோய். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பாடத்துக்கு மாதாந்தம் கட்டும் பணம், அவளது அம்மா மழையில் நின்று கொழுந்து பறித்த இரண்டு நாள். பாடம் விளங்காத ஒவ்வொரு முறையும், "அம்மாட ரெண்டு நாள் போச்சு" என்பாள். அவளுக்குப் பயம் வராமல் யாருக்கு வரும்? அவளிடம் போய் நேரசூசி போடச் சொல்வதா?

ஐந்தாவது காரணத்தை எழுதத் தயங்கினேன். ஆனால் இச்சஞ்சிகையைப் பெற்றோரும் வாசிப்பதால் எழுதுகிறேன். பல்கலைக்கழகத் தெரிவுக்காக உயர்தரத்துக்கு மூன்று முறை தோற்றலாம் என்பது எல்லோருக்கும் பொதுவான சட்டம். நானாக்களுக்கு மூன்று முறையும் உண்டு. நம்மில் பலருக்கு ஒரு முறைதான். தாத்தாவின் பரீட்சை முடியுமுன்பே சாச்சி உம்மாவிடம், "இந்த முறை சரிவராட்டி நல்ல எடமொண்டு இரிக்கி" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கலியாணம் நல்ல காரியம்தான். ஆனால் அதைப் பெயிலானதற்குத் தண்டனைபோல் வைத்தால், வினாத்தாளுக்கு முன்னால் அமரும் பெண்பிள்ளை மூன்று மணித்தியாலத்தில் தன் முழு வாழ்க்கைக்கும் விடை எழுத வேண்டியவளாகிறாள்.

"கொஞ்சம் பயம் இருந்தால்தானே படிப்பீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பயமே இல்லாவிட்டால் நான் அதிகாலைக் குளிரில் எழும்ப மாட்டேன். போனில் நேரம் வீணாவதும் உண்மை, அந்தக் குற்றத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுப்பி விடுகிற பயம் வேறு, கையை விறைக்க வைக்கிற பயம் வேறு. முதலாவது உப்புப் போல, அளவோடு வேண்டும். இரண்டாவது படித்ததையும் அழிக்கிறது.

பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தால் தீர்ந்துவிடுமா? அங்கே போனவர்களைக் கேட்டேன். பெறுபேறு வந்த பின்னும் அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பு. தமிழில் படித்து முதலிடம் வந்த பிள்ளை, மருத்துவ, விஞ்ஞான பீடங்களில் முதல் நாளே ஆங்கில விரிவுரைக்கு முன்னால் ஊமையாகிறாள். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998 இலேயே வந்துவிட்டது, பகிடிவதை இன்னும் போகவில்லை. "நான் மட்டும்தான் விளங்காமல் இருக்கிறேன்" என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு ஒரே அறையில் இருப்பார்களாம். நம் வகுப்பிலும் அதுதானே நடக்கிறது?

இசட் புள்ளியை நான் மாற்ற முடியாது. புயலையும் நிறுத்த முடியாது. ஆனால் மாற்றக்கூடியவை சில நம் கைக்குள் இருக்கின்றன.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெறுபேற்றுக்கு முன்பே, இன்றே, பிள்ளையோடு அமர்ந்து இரண்டாவது வழியையும் பேசுங்கள். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. தாதியர் பயிற்சி இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகம், உயர் தேசிய டிப்ளோமா, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ்கள் இருக்கின்றன. இவை தோற்றவர்களுக்கான மிச்சம் மீதி அல்ல. வாசல் ஒன்றுதான் என்று நினைப்பவளுக்கே மூச்சு முட்டும். இரண்டாவது வாசல் இருப்பது தெரிந்தவள் முதலாவதை நோக்கி நிம்மதியாக நடப்பாள். கலியாணப் பேச்சையும் பெறுபேற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஆசிரியர்களிடம் ஒன்று. தவணைப் பெறுபேற்றை இட வரிசையில் அறிவித்தல் பலகையில் ஒட்டாதீர்கள். பரீட்சைத் திணைக்களம் எங்களை வரிசைப்படுத்தத்தான் போகிறது, அதுவரை எங்கள் பிழையை எங்களுக்கு மட்டும் சொல்லித் தாருங்கள்.

தோழிகளிடம் ஒன்று. நோட்டை மறைக்காதீர்கள். நாடளாவிய சராசரியில் ஒரு வகுப்பின் நோட்டுப் பெரிதாக எதையும் அசைக்காது, ஆனால் ஒருத்தியின் இரவை அது அசைக்கும். தூக்கமும் சாப்பாடும் பல நாள் இல்லாவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பது ஈமானின் குறை என்று எவரும் சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான். நம் நபிக்கு முதலில் இறங்கிய வஹீ ஓதும்படி பணித்தது. ஹிரா குகையிலிருந்து அவர்கள் நடுங்கியவாறே வீடு வந்தார்கள். கதீஜா நாயகி போர்த்தி ஆறுதல் சொன்னார்கள், ஏன் நடுங்கினீர்கள் என்று குற்றம் சாட்டவில்லை.

ஜனவரியில் தாத்தா மீதிப் பாடத்தை எழுதப் போன காலை, புல்லெல்லாம் பனியில் வெளுத்திருந்தது. மண்டப வாசல்வரை வாப்பா போனார். வழக்கமாக "நல்லா எழுதுங்க, எங்கட மானத்தக் காப்பாத்துங்க" என்பவர், அன்று, "எழுதிட்டு வாங்க மகள். எப்பிடிப் போனாலும் வீட்ட தேத்தண்ணி இரிக்கி" என்றார். தாத்தா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பரீட்சைக் காலம் முழுவதிலும் நான் அவர் சிரித்துக் கண்டது அந்த ஒரு காலையில்தான். அடுத்த முறை போவது நான். வாப்பா அதே வசனத்தை மறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான் இதை எழுதி வைக்கிறேன்.