அண்டார்டிகாவின் ‘குட்டி கிரில்’ கணக்கெடுப்பு: நெய்வேலிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தென்துருவக் கடலின் தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் கிரில் பிடிக்க ஒரு வருடத்துக்கு விதிக்கப்பட்ட அளவு 6,20,000 டன். 2025 ஆகஸ்ட்டில், சீசன் முடிவதற்கு முன்பே அந்த அளவு எட்டப்பட்டு, மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. அந்த அளவைத் தொட்டு சீசன் பாதியில் மூடப்பட்டது இதுவே முதல்முறை. ‘எங்கேயோ பனிக்கட்டிக்குள் நடக்குற விஷயம்’ என்று ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போகலாம். ஆனால், நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் எந்த ஊரும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. நெய்வேலியும்தான்.

கிரில் என்றால் என்ன?

கடலூர் மீன் மார்க்கெட்டில் சென்னாக்கூனி பார்த்திருப்பீர்கள். கிரில்லும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் உயிரியல் கணக்கில் இறால் வேறு, கிரில் வேறு. அண்டார்டிக் கிரில்லின் அறிவியல் பெயர் யூபேசியா சூப்பர்பா. நன்கு வளர்ந்தால் 6 செ.மீ. நீளம், சுமார் 2 கிராம் எடை. ஐந்து, ஆறு வருடங்கள் வாழும்.

தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கூட்டமாகச் சேர்த்தால் மொத்த எடை 30 கோடி முதல் 50 கோடி டன் வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. நீலத்திமிங்கலம், பெங்குயின், சீல், மீன் என அந்தக் கடலில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது இதுதான். நமக்கும் இது வந்து சேர்கிறது: ஆன்லைனில் விற்கும் கிரில் ஆயில் ஒமேகா-3 மாத்திரை, பண்ணை மீன்களுக்கான தீவனம்.

ஏன் ‘குட்டி’களை மட்டும் தேடுகிறார்கள்?

வளர்ந்த கிரில் கெட்டிக்காரன். சாப்பாடு இல்லாமல் 200 நாள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும், உடம்பையே சுருக்கிக்கொள்ளும். குட்டிக்கு அந்த வசதி கிடையாது.

தாய் கிரில் கோடையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு மூழ்கி, அங்கே பொரிக்கும். பொரித்த குஞ்சு, முட்டையிலிருந்து கிடைத்த சத்தை மட்டும் நம்பி மேலே நீந்தி வர வேண்டும். மேலே வந்ததும் சீக்கிரம் தீனி கிடைக்கவில்லை என்றால் கதை முடிந்தது. அதன்பின் குளிர்காலம். வெயில் இல்லை, நீரில் பாசி இல்லை. அப்போது கடல்பனியின் அடிப்பக்கம் ஒட்டி வளரும் பாசியைச் சுரண்டித் தின்றுதான் குட்டிகள் பிழைக்கின்றன.

அதாவது, இந்த வருடப் பனி சரியாக இல்லை என்றால் பாதிப்பு உடனே தெரியாது. பெரிய கிரில் அப்படியேதான் இருக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் ‘அடுத்த செட்’ வரவில்லை என்பது புரியும். அதனால்தான் மொத்த எடையைவிட, எத்தனை குட்டிகள் தேறின என்ற கணக்கு முக்கியமாகிறது.

எப்படி எண்ணுகிறார்கள்?

கப்பலிலிருந்து ஒலி அலை அனுப்பி, எதிரொலியை வைத்துப் பெரிய கூட்டங்களைக் கண்டுபிடிக்கலாம். பொடிக் குட்டிகள் அதில் சரியாகத் தெரியாது. அதற்கு நெருக்கமான கண்ணி உள்ள வலை வேண்டும். சிக்கியவற்றை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து பிரிப்பார்கள். சிறிய அளவில் நிறைய இருந்தால் நல்ல வருடம், இல்லையென்றால் மோசமான வருடம். பெங்குயின் குஞ்சுக்கு ஊட்டக் கொண்டுவரும் இரையில் இருக்கும் கிரில்லின் நீளத்தையும் அளக்கிறார்கள். கண் காம்பில் உள்ள வளர்ச்சி வளையங்களை வைத்து, மரத்துக்குச் சொல்வது போல வயது கணிக்கும் முறையும் வந்துவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், குட்டிகள் உயிருக்குப் போராடும் குளிர்காலத்தில்தான் கப்பல் உள்ளே போவது கஷ்டம். அதனால் தரவு பெரும்பாலும் கோடையில் எடுத்தது.

அப்போ, கிரில் குறைகிறதா?

இதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே வாதம் உண்டு. 1970-களுக்குப் பிறகு தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் கிரில் அடர்த்தி பெரிதாகச் சரிந்தது என்று 2004-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பழைய வலைத் தரவை வேறு விதமாக ஆராய்ந்த 2018 ஆய்வு ஒன்று, அப்படிச் சரிவு தெரியவில்லை என்றது. 2019-ல் வந்த இன்னொன்று, கிரில் கூட்டத்தின் மையம் தெற்கே, துருவத்தை நோக்கி நகர்ந்துவிட்டது என்றது.

பனி பற்றிய எண்ணில் அவ்வளவு குழப்பம் இல்லை. 2023 செப்டம்பரில் அண்டார்டிகாவின் குளிர்கால உச்சப் பனிப்பரப்பு சுமார் 1.7 கோடி சதுர கி.மீ. செயற்கைக்கோள் பதிவு தொடங்கியதிலிருந்து மிகக் குறைந்த உச்சம் அதுதான்.

சரி, நெய்வேலி எங்கே வருகிறது?

நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரி எரிகிறது. சாதாரண நிலக்கரியைவிட ஈரம் அதிகம், வெப்பம் கம்மி. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதில் தென்கடலின் பங்கு மிகப் பெரியது. புகை கடலூரில் கிளம்பினாலும் காற்றுக்கு மாவட்ட எல்லை கிடையாது.

இது கடல் நீரின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. கார்பன் டை ஆக்சைடு அளவு மிக அதிகமாகும்போது கிரில் முட்டை பொரிப்பது சரிகிறது என்று 2013-ல் ஆஸ்திரேலிய ஆய்வகச் சோதனை காட்டியது. ஆழத்தில் அந்த வாயு இயல்பாகவே அதிகம். முட்டை மூழ்கிப் போவதும் அங்கேதான்.

நெய்வேலி புகைபோக்கியால்தான் கிரில் சாகிறது என்று சொன்னால் அது அபத்தம். உலகம் முழுக்க எரியும் நிலக்கரியில் இது சிறு துளி. ஆனால் எல்லாத் துளியும் ஒரே கணக்கில்தான் சேர்கிறது. நகரியத்தின் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, ஒப்பந்தத் தொழிலாளியின் தினக்கூலி, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்கள் என இங்கே தீர்க்க வேண்டிய கணக்குகளும் நிறைய. நிலக்கரியிலிருந்து வெளியேறுவது என்றால், இவர்களுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இந்தியா என்ன செய்கிறது?

1995-96-ல் ‘சாகர் சம்பதா’ கப்பல் இந்தியாவின் முதல் கிரில் ஆய்வுப் பயணத்தை மேற்கொண்டது. அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் இயங்குகின்றன. அண்டார்டிகக் கடல் உயிரின வளப் பாதுகாப்பு ஆணையத்தில் 1986 முதல் இந்தியா உறுப்பினர். கிழக்கு அண்டார்டிகாவிலும் வெட்டல் கடலிலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் வேண்டும் என்ற முன்மொழிவுகளை ஆதரிப்பதாக 2021-ல் அறிவித்தது. ஆனால் அங்கே எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. சீனா, ரஷ்யா எதிர்ப்பால் அந்த முன்மொழிவுகள் நகரவில்லை.

இதற்கிடையே, பிடிப்பு ஒரே இடத்தில் குவியாமல் பகுதிவாரியாகப் பிரித்து வைத்திருந்த விதி 2024-ல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. பெங்குயின்கள் இரை தேடும் அதே கடலோரத்தில் இனி எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளலாம், மொத்த வரம்பை எட்டும்வரை. 2025-ல் நடந்தது அதுதான்.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஆணையம் ஒவ்வோர் அக்டோபரிலும் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் கூடுகிறது. பகுதிவாரி விதி திரும்ப வருகிறதா, மொத்த வரம்பைக் கூட்டுகிறார்களா என்பதுதான் முக்கியம். குட்டிகள் எத்தனை தேறின என்று தெரியாமல் வரம்பை உயர்த்துவது, விதை நெல்லை எண்ணாமல் களஞ்சியத்தைத் திறந்துவிடுவது போல. அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு இருக்கிறது. அந்த ஓட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கும் இருக்கிறது.