செத்தாத்தான் பெரிய போட்டோவா?

போன வாரம் சென்னையில ஒரு சொந்தக்காரத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் சுவத்துல ஓடுற ஏழு குதிரை, பக்கத்துல எந்த ஊர்னே தெரியாத ஒரு அருவி. ரெண்டும் காசு குடுத்து வாங்கினது. "உங்க போன்ல இருக்கறதைப் பெருசு பண்ணி மாட்டலாமே"ன்னு கேட்டேன். "நாம எடுத்ததெல்லாம் அவ்வளவு நல்லா இருக்காதுங்க மாமா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துருச்சு. காரணம் இருக்கு.

எங்கம்மா இறந்தப்போ மாட்டி வைக்க ஒரு படம் இல்லை. ஆதார் அட்டையைத் தூக்கிக்கிட்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். நகத்தளவு முகத்தைப் பெருசாக்கினா கலங்கத்தானே செய்யும்? அதை வழவழன்னு தேய்ச்சு, பட்டுச்சேலை கட்டிவிட்டு, பின்னாடி நீலக்கலர் போட்டுக் குடுத்தாங்க. என் பேத்தி "இது யாரு தாத்தா?"ன்னு கேட்டா.

காரியத்துக்கு வந்த இதே தம்பிதான் போன்ல ஒரு படம் காட்டினார். கடலைச்செடி குவியல் பக்கத்துல, வேப்பமரத்தடியில, வாய் கொள்ளாம சிரிக்கிற எங்கம்மா. மூணு வருசமா அது அவர் போன்லயே கிடந்திருக்கு! இப்ப அதுதான் எங்க வீட்டுச் சுவத்துல இருக்கு. ஆனா அம்மா அதைப் பார்க்கவேயில்லை.

உயிரோட இருக்கறவங்க படத்தைப் பெருசா மாட்டினா ஆயுசு குறையும்னு எங்க ஊர்ல சில பெருசுங்க சொல்லும். அப்ப கல்யாணப் போட்டோவை மட்டும் எப்படி மாட்டினீங்க?

தெளிவா வராதுன்னு சாக்குச் சொல்லாதீங்க. 12க்கு 18 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் கணக்குப் போட்டாலும் 50 லட்சம் புள்ளிக்குள்ளதான் வரும். உங்க போன் 12 மெகாபிக்சல்னா 1 கோடியே 20 லட்சம் இருக்கு. எட்டி நின்னு பார்க்கிற படத்துக்கு இது தாராளம். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா சுருங்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். போனை மாத்துறதுக்கு முன்னாடி அசலை எடுத்து வையுங்க.

கொஞ்சம் சாய்ஞ்சிருக்கா, ஓரத்துல மாட்டு வால் விழுந்திருக்கா? இருக்கட்டும். அந்த மாடும் நம்ம மாடுதான்.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்போ பெத்தவங்க படம் ஒண்ணைப் பெருசு பண்ணிக் கொண்டாங்க. அவங்க கண்ணு முன்னாடியே மாட்டுங்க. ஆணி அடிக்கச் சுத்தியல் இல்லைன்னா சொல்லுங்க, நான் கொண்டு வர்றேன்.